ரசமட்டம்

மனாமா சூக்கில்
தங்கக் கடைகள் முடிந்து
பிளாஸ்டிக் வாளிகள் தொடங்குகிற சந்தில்
பிரேம் போடுகிறவன் நான்.
பட்டமளிப்புப் படம், செத்தவர் படம்,
குர்ஆன் வசனம், வேளாங்கண்ணி மாதா.
நாற்பத்தைந்து பாகையில் அறுத்துச் சேர்த்தால்
எல்லோருக்கும் மூலை ஒன்றுதான்.

நோன்புக்கு முந்தின மாதம் ஆறு பேர் வந்தார்கள்.
காசில்லை என்பதை
முதல் வாக்கியத்திலேயே சொன்னார்கள்.
அதனால் உட்காரச் சொன்னேன்.

மர்சேல் கதூரிக்குப் பகலில் வங்கி,
இரவில் லினோ செதுக்கல்.
பஸ்ராவிலிருந்து துணி விற்க வந்த யூதக் குடும்பம்,
வந்து நூறு வருஷம் ஆகிறதாம்.
வதீஆ அரபி எழுத்து வரைகிறவள்,
மர்சேலிடம் ஹீப்ரூ எழுத்துக்கு
நாணல் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.
ஆம்புலன்ஸ் ஓட்டும் மட்டாஞ்சேரி ஆன்சலம்
கல்லறைச் சுவரை மட்டும் படம் எடுப்பான்,
கல்லறையை அல்ல.
மற்ற மூவர் பெயர் கடைசிவரை
என் வாயில் சரியாக நிற்கவில்லை.

"பத்துப் பேர் சேர்ந்தால்தான் கூட்டுத் தொழுகை.
இங்கே பத்து சேர்வதில்லை.
படம் வரைய ஆறு போதும்," என்றாள் மர்சேல்.

அர்பாபிடம் சாவி கேட்டேன்.
பத்து மணிக்கு மேல் கடை சும்மாதானே கிடக்கிறது.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
"ஏசியை அணைத்துவிட்டுப் போ," என்றார்.
அந்த மாதக் கரண்ட் பில்லை
நாங்கள் இருவருமே பிரிக்கவில்லை.

எதிர்க்கடை பத்ருதீன்
டிவியில் ஓடுகிற செய்தியைக் காட்டிக் கேட்டான்:
"இவர்களுக்கா மரம் கொடுக்கிறாய்?"
உள்ளே அதே செய்தியை
வதீஆ போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்,
மர்சேல் அவள் தோளுக்கு மேலாக.
இருவரும் பேசவில்லை.
அன்றைக்கு யாரும் வரையவில்லை.
தேநீர் ஆறி ஆடை படிந்தது.
மறுநாள் ஆறு பேரும் வந்ததுதான்
எனக்குத் தெரிந்த பதில்.
பத்ருதீனுக்கு அது போதவில்லை.

பக்கத்துக் கடையில் ஊத் புகைந்த இரவு
மர்சேல் மூக்கை உயர்த்தி,
"எங்கள் பழைய ஏடுகளில் இது அஹாலிம்."
"எங்களுக்கு அகில்," என்றேன்.
திரும்பவும் சொல் என்றாள். சொன்னேன்.
"வாங்குவது எங்கள் காசு,
பெயர் மட்டும் உங்களுடையதா?" என்றாள் வதீஆ.
அதற்கு அப்படிச் சிரித்தோம்.

மூன்று படம் சேர்ந்த ஒரு வரிசையை
இடமிருந்து வலமாக மாட்டிவிட்டேன்,
தமிழ் வாசிக்கிற கை.
முடிவில் தொடங்கி முதலில் முடிந்தது கதை.
வலமிருந்து வாசிக்கிற இரண்டு பேர்
ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள்.

கடைசியாக வந்தது ஒரு நிலைக்கால்.
இடித்த வீட்டிலிருந்து
ஏழு தினாருக்கு வதீஆ வாங்கியது.
பச்சை, நீலம், அதற்கடியில் இன்னொரு பச்சை.
சுரண்டிக்கொண்டே போனால்
கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே
விரல் நீளத்தில் வெளிறிய தடம்,
இரண்டு ஆணித் துளை.
எந்தக் கோணல் ஆசாரி அடித்தானோ,
சாய்ந்திருந்தது.

அந்த இடத்தில் பித்தளைக் குழல் ஒன்று
பொருத்தச் சொன்னார்கள்.
ரசமட்டத்தை எடுத்தேன்.
மர்சேல் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நிற்கவேண்டும் என்றாராம் ஒரு பெரியவர்,
படுக்கவேண்டும் என்றாராம் இன்னொருவர்.
தீராத வழக்கு.
சாய்த்து அடித்துவிட்டு
வீட்டுக்குள் போய்விட்டார்களாம் ஜனங்கள்.

இருபது வருஷமாக
அந்தக் குமிழியை நடுவில் நிறுத்தித்தான்
சோறு தின்கிறேன்.
கை நடுங்கிற்று.
பழைய துளையிலேயே ஆணி இறங்கியது.

திறப்பு விழாவுக்கு இருபத்துமூன்று பேர்.
பதினொருவர் சமோசாவுக்கு.
பத்ருதீன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்,
உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

விற்றது ஒன்று. வாங்கியவன் நான்:
அகில் கட்டையின் லினோ அச்சு,
மாதம் மூன்று தினார் தவணை.
குதைபியாவில் ஆறு கட்டில் போட்ட அறையில்
என் மேல்கட்டிலுக்கு நேரே மாட்டியிருக்கிறேன்.
கோணலாக இருக்கிறது என்று
ரூமில் எவனாவது தினமும் கை நீட்டுகிறான்.
இன்னும் இரண்டு தவணை பாக்கி.